ஓட்டும் வட்டியும்

2024 ஏப்ரல் 19. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி வரிசை. எனக்கு முன்னால் எங்கள் தெருப் பெண் ஒருவர்; தி.நகர் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. பிளாஸ்டிக் உறையிலிருந்து வாக்காளர் அட்டையை உருவும்போது கூடவே ஒரு தாளும் நழுவியது. எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்த அடகுச் சீட்டு.

“கம்மல்க்கா. ரெண்டு வட்டி” என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “இதை நினைச்சுத்தான் ஓட்டுப் போடப் போறீங்களா?”

சிரித்துவிட்டார். “அது எங்க வூட்டு கஷ்டம்க்கா. அதுக்கும் ஓட்டுக்கும் இன்னா?”

அந்தச் சீட்டு அங்கே ஏன் இருந்தது? தொலைக்கக் கூடாத தாள்கள் எல்லாம் ஒரே உறையில் கிடக்கும், அவ்வளவுதான் என்று விட்டிருக்கலாம். ஆனால் அது அட்டைக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி செருகப்பட்டிருந்தது. விட முடியவில்லை.

எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. கிண்டர், கீவீட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1981இல் எழுதியது. ஜனங்கள் தங்கள் மடியைத் தடவிப் பார்த்து ஓட்டுப் போடுவதைவிட, நாட்டுப் பொருளாதாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தே அதிகம் போடுகிறார்கள் என்பது சாரம். சொந்தப் பணமுடையைத் தன் தலையெழுத்தாகவோ தன் பொறுப்பாகவோ பலர் எடுத்துக்கொள்வதுதான் காரணம் என்றும் அதையொட்டி எங்கோ படித்த ஞாபகம். அமெரிக்காவில் அப்படி இருக்கலாம். ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற பேச்சுக்கு 1967இல் ஓட்டு விழுந்த ஊர் இது. அரிசிப் பானை காலியாவதும் வீட்டுக் கஷ்டம்தானே?

நான் பட்டினப்பாக்கத்தில் வளர்ந்தவள். பக்கத்தில் அரசு ஊழியர்கள் நிறையப் பேர். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. பள்ளிப்பிள்ளையான எனக்குப் பதிந்தது வேறு. எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு நோட்டுகளைக் கல்லாவில் பரப்பி வைத்து, யாருக்கு இந்த மாதமும் கடன் கொடுக்கலாம் என்று புரட்டிக்கொண்டிருந்தார். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதிமுகவுக்குக் கிடைக்கவில்லை. திமுகவின் கூட்டணிக் கணக்குதான் அதில் பெரிது, மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கஷ்டம் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் விழுந்தது. யாரைக் கோபிப்பது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கம்மல் அப்படிப் போவதில்லை. பிள்ளையின் ஃபீஸ், மாமியாரின் ஆஸ்பத்திரி, வாடகை அட்வான்ஸ் என்று ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு தேதி. யாரைத் திட்டுவது?

நகைக்கடனுக்கும் அரசியல் இல்லாமல் இல்லை. ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று 2021இல் திமுக வாக்குறுதி கொடுத்தது. கூட்டுறவுக் கடனுக்குத்தான். அதிலும் சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்குத் தகுதியில்லை என்று அரசே பிறகு சொன்னது. தெருமுனை அடகுக்கடையில் வைத்த நகை அந்தக் கணக்கிலேயே வராது.

ஆனால் 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் அந்தப் பெண்ணின் கணக்கில் விழுகிறது. வட்டி அதிலிருந்துதான் போகிறது என்று பின்னொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். முப்பதாயிரத்துக்கு மாதம் 600. அரசாங்கம் கொடுத்ததில் பாதிக்கு மேல் அடகுக்கடைக்கு. நகை மூழ்காமல் இருக்கிறது, மீளவும் இல்லை. மூழ்கவில்லை என்ற நன்றியில் போட்டாரா, மீளவில்லை என்ற கோபத்திலா, இல்லை பழகிய சின்னம் என்றா? கேட்டிருக்கலாம். கேட்டால் வருகிற பதிலை நம்பலாமா என்பதுதான் சங்கடம்.

என் சங்கதியே அப்படித்தான். வீட்டுக் கடன் தவணை அந்த மாதம் என்னை நாக்குத் தள்ள வைத்தது. பட்டனை அழுத்தும்போது என்ன நினைத்தாய் என்று யாராவது கேட்டால், நாட்டு நலன் என்றுதான் சொல்வேன். அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை, முழு உண்மை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.