முடியாது என்ற மகன்



இயேசு சொன்ன உவமை ஒன்றில், திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொன்ன அப்பாவிடம், மூத்த மகன் முகத்துக்கு நேரே முடியாது என்கிறான். பிறகு மனம் மாறிப் போகிறான். அடுத்தவன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போகாமலே இருந்துவிடுகிறான். மூத்தவனை அப்பா அடித்ததாகவோ, ஊரைக் கூட்டிப் புலம்பியதாகவோ மத்தேயு எழுதவில்லை.

உறுதிபூசுதலுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் இது. சில பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று பெற்றோர் வருகிறார்கள். என்ன கவலை என்று கேட்டால், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், நாளைக்குக் கல்யாண ஓலை எழுதும்போது சான்றிதழ் கேட்பார்களே என்பதுதான் முதலில் வருகிறது. திருமணத்துக்கு முன் உறுதிபூசுதல் பெற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1065 சொல்வது உண்மைதான். பெரிய இடையூறு இல்லாதபோது என்ற தளர்வும் அங்கேயே இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை.

சட்டம் 889-ஐயும் பாருங்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் தகுந்த போதனை வேண்டும், தகுந்த மனநிலை வேண்டும், திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்க இயல வேண்டும். அம்மா அழுதாள் என்பதற்காக ஆயர் முன் வந்து நின்று "நம்புகிறேன்" என்று சொல்லும் பிள்ளையிடம் அந்த மனநிலை எங்கிருந்து வரும்?

உறுதிபூசுதல் ஆளாகிவிட்டதற்கான சடங்கும் அல்ல. கீழைத் திருச்சபைகளில் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கின்போதே கிறிஸ்மா எண்ணெய் பூசி உறுதிபூசுதலையும் கொடுத்துவிடுகிறார்கள். நம் மரபில் ஆயரின் கைக்காகக் காத்திருந்ததில் இரண்டும் பிரிந்தன. 1910-இல் புனித பத்தாம் பயஸ் புதுநன்மையை ஏழு வயதளவிலேயே கொடுக்கச் சொன்ன பிறகு, பல இடங்களில் உறுதிபூசுதல் அதற்கும் பின்னே போய்ப் பதின்வயதில் நின்றது. பட்டுச்சேலை, பிரியாணி, ஆல்பம் எல்லாம் நாம் சேர்த்தவை. ஆல்பம் கைக்கு வருவதற்குள் பாதிப் பிள்ளைகளைப் பூசையில் காணோம். தலையாட்டிவிட்டுப் போகாத அந்த மகனை நாம்தான் வளர்க்கிறோம்.

வேண்டாம் என்ற தம்பி தங்கைகளே, உங்கள் திருமுழுக்கு அழியாது. பாடகர் குழுவில் உங்கள் இடமும் அப்படியே இருக்கிறது. காரணத்தை மட்டும் என்னிடம் சொல்லுங்கள். மறைக்கல்வி போரடிக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். கேள்வி பதில் மனப்பாடத்துக்கு அந்தச் சொல் பொருத்தம்தான். கடவுள் இருக்கிறாரா என்பதே கேள்வி என்றால், உட்கார்ந்து பேசுவோம். ஒரு மாலையில் முடிகிற பேச்சல்ல அது. உறுதிபூசுதலுக்கு மேல்வயது வரம்பு கிடையாது, நாற்பதிலும் கேட்கலாம்.

பெற்றோருக்குப் புதன்கிழமை மாலை கூட்டம் இருக்கிறது. பிள்ளைகளை இழுத்து வர வேண்டாம். நீங்கள் ஏன் உறுதிபூசுதல் பெற்றீர்கள் என்று முதலில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.