கிலோமீட்டர் கணக்கு

தன் பையிலிருந்து போகிற காசைத்தான் மனிதன் செலவு என்று சொல்கிறான். பிறர் பையிலிருந்து போவதற்கு அவன் பெயரே வைப்பதில்லை.

கச்சிராயபாளையத்தில் ஒருவரிடம் பழைய அம்பாஸிடர் கார் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 2014-ல் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுபோயிற்று. இவருடைய வண்டி மட்டும் நிற்கவில்லை. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் ஏறக்குறைய 100 ரூபாய் என்றால், 100 கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய் ஆகிறது. மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு 17 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாயானாலும் 136 ரூபாய்தான்.

“விற்றுத் தொலையுங்கள், அப்பா!” என்கிறான் பிள்ளை.

தகப்பனாரும் கணக்குத் தெரிந்தவர். கள்ளக்குறிச்சிக்கும் கோமுகி அணைக்குமாக மாதம் 300 கிலோமீட்டர்தான் அவருடைய பிரயாணம். 10 லட்ச ரூபாய் கொடுத்துப் புது வண்டி வாங்கினால், அந்த முதல் திரும்ப 32 வருஷம் ஆகும். அவர் வரையில் பழசே லாபம். தினம் 100 கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டுகிறவனுக்கோ மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் போதும். அவனுக்குப் புதுசே லாபம். இருவர் சொல்வதும் வாஸ்தவந்தான்.

நான் கேட்பது வேறு. மிச்சமாகிற அந்த 864 ரூபாய் எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சின், குடித்ததில் பெரும் பகுதியை வெறும் சூடாகக் கக்கிவிடுகிறது. மின் மோட்டாரோ பெரும் பகுதியைச் சக்கரத்தில் சேர்க்கிறது. யாரையும் வஞ்சிக்காத நல்ல லாபம் அது.

ஆனால் மின்சாரம் சுவரில் முளைப்பதில்லையே! நம் கம்பியில் ஓடுவதில் நெய்வேலியின் பங்கும் உண்டு. 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் ஏறின. நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான் என்றது நிர்வாகம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பயிரிட்டவனின் நெஞ்சுக்கு அந்தப் பத்திரம் பதிலாகுமா?

பெட்ரோல் மட்டும் புண்ணியம் செய்ததல்ல. காரின் பின்னால் நடந்து போகிறவன் அதன் புகையைக் காசு வாங்காமலே சுவாசிக்கிறான். ஆகையால் மின்சாரக் கார் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தேவைப்பட்டவர்கள் தாராளமாக வாங்கட்டும். மிச்சமாவது முழுவதும் தம் சாமர்த்தியம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

நிலமிழந்தவனுக்கு நியாயமான ஈடு கொடுப்பதற்காக யூனிட்டுக்கு 1 ரூபாய் ஏறுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாம் முணுமுணுக்காமல் கொடுப்போமா? கிலோமீட்டருக்கு 17 பைசாதான் கூடும்.