இரு குழந்தைகள், ஒரு விழா

பிறந்த நாள் விழா என்பது நம் இல்லங்களுக்குப் பழைய வழக்கமன்று. நம் முன்னோர் பிறந்த நட்சத்திரத்தை அறிந்திருந்தனர், அந்நாளில் ஜினாலயம் சென்று வணங்கினர், வீட்டில் பாயசம் வைத்தனர், அவ்வளவே. ஆங்கிலத் தேதியைப் பலர் குறித்து வைத்ததுமில்லை. யாம் தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்பட்டபோது, தலைமையாசிரியர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக் கொண்டார். எம் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்தவர்களாயினர்! பணி ஓய்வும் அத்தேதியின்படியே பெற்றோம். ஆகவே, பிறந்த நாளைப் பற்றி எழுத எமக்கு எவ்வளவு தகுதி உண்டு என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்.

ஆயினும் எழுத நேர்ந்துவிட்டது. காரணம், எம் பேத்தியும் பேரனும்.

இருவரும் ஐப்பசித் திங்களில் பிறந்தவர்கள். இருவருக்கும் இடையே மூன்று வயது வேற்றுமை. தேதிக் கணக்கில் ஒன்பது நாள் வேற்றுமை. நட்சத்திரக் கணக்கோ இன்னும் வேடிக்கையானது. சந்திரன் ஏறத்தாழ 27 நாட்களில் மீண்டும் அதே நட்சத்திரத்திற்கு வந்துவிடுவதால், ஒரு நட்சத்திரம் ஆண்டுதோறும் அதே தேதியில் நிற்பதில்லை. திங்களுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகரும். அதனால் இளையவனின் நட்சத்திரம் முன்னும் மூத்தவளின் நட்சத்திரம் பின்னுமாக வரும் ஆண்டுகளும் உண்டு. அதே ஐப்பசியில்தான் பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளித் திருநாளும் வருகிறது. புத்தாடை, பலகாரம், உறவினர் வருகை எல்லாம் ஒரே திங்களில் குவிகின்றன. போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை.

சில ஆண்டுகளுக்கு முன், பேத்திக்கு எட்டும் பேரனுக்கு ஐந்தும் நிறையும் தறுவாயில், குடும்பத்தார் கூடி ஒரு முடிவு செய்தோம். இரண்டு விழா எதற்கு? இரு தேதிகளுக்கும் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே விழாவாக நடத்திவிடலாம். ஒரே பந்தல், ஒரே சமையற்காரர், ஒரே அழைப்பு. உறவினர்களும் ஒன்பது நாட்களுக்குள் இருமுறை பேருந்து ஏற வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் பகிர்ந்து வாழக் கற்றுக் கொள்வார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னவர் யாமே. அவையில் அனைவரும் தலையசைத்தனர். குழந்தைகளைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

விழா நன்றாகவே நடந்தது. முட்டை சேராத கேக்குக்கு நகரத்துக் கடையில் சொல்லி வைத்திருந்தோம். பேத்தியின் பெயர் நீண்ட பெயர். பேரனின் பெயர் சிறியது. இரண்டையும் ஒரே வரியில் எழுத வேண்டியிருந்ததால், கடைக்காரர் நீண்ட பெயரின் எழுத்துகளைக் குறுக்கி ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டார். வாழ்த்துப் பாடல் பாடியவர்கள் இரு பெயரையும் சேர்த்துப் பாட முயன்று, பாதியில் பேரனின் பெயரோடு நின்றுவிட்டனர். சின்னக் குழந்தையின் பெயர்தானே வாயில் எளிதாக வருகிறது! பரிசு கொண்டு வந்தவர்களும் சண்டை வரக் கூடாதென்று இருவருக்கும் ஒன்றுபோலவே கொண்டு வந்தார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் ஒரே வகைப் பொம்மைக் கார். பேத்தி எல்லோரோடும் சிரித்துக் கொண்டுதான் நின்றாள்.

அன்று இரவு படுக்கையில் அவள் தன் ஆயாவிடம் கேட்டாளாம்: "ஆயா, எனக்கு எட்டு வயசு புதன்கிழமையே ஆயிடுச்சா, இல்ல இன்னிக்குத்தான் ஆச்சா?"

எம் மனைவி இதனை எம்மிடம் சொன்னபோது யாம் முதலில் நகைத்தோம். பிறகு உறக்கம் வரவில்லை. அந்தப் புதன்கிழமையில் அவளுக்குப் பாயசம் வைக்கப்படவில்லை. ஞாயிறு விழா இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். அவள் பள்ளிக்குப் போனாள், வந்தாள், வீட்டுப் பாடம் எழுதினாள். அவள் பிறந்த நாள் எங்கள் வீட்டில் எந்த அடையாளமுமின்றிக் கழிந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொண்டாடியது இருவரும் பிறவாத ஒரு நாளை!

பகிர்தலைக் கற்பிக்கவே அவ்வாறு செய்தோம் என்று எம் மனத்திற்கு யாமே சொல்லிப் பார்த்தோம். இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நம் ஆசாரியர்கள் தரும் விளக்கத்தை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். பிறர் கொடாததைக் கொள்ளுதலே களவு. பொருளின் விலையைப் பற்றி அங்கே பேச்சில்லை. கொடுக்கப்பட்டதா, இல்லையா என்பதே கேள்வி. குழந்தையின் ஒரு நாளை, அவள் கொடுக்காமலேயே எடுத்து, பாதியைத் தம்பிக்கும் மீதியை உறவினரின் வசதிக்கும் பங்கிட்டுவிட்டு, அதற்குப் பகிர்தல் என்று பெயரிட்டோம். பகிர்ந்தவள் அவளா? அவளுடைய கையைப் பிடித்து யாமல்லவா வழங்கினோம்?

"களவு என்பது பெரிய சொல், இதற்குப் போய் அதையா சொல்வது?" என்று சில பெரியவர்கள் கேட்கக் கூடும். ஒரு நண்பர் கேட்டும்விட்டார். குழந்தையைக் கேட்டா குளிப்பாட்டுகிறோம், கேட்டா பள்ளிக்கு அனுப்புகிறோம், கேட்டா மருந்து கொடுக்கிறோம் என்றார் அவர். நியாயமான வினாவே. ஆனால் குளியலும் பள்ளியும் மருந்தும் குழந்தையின் நன்மைக்காக நாம் செய்பவை. ஒரே பந்தல் யாருடைய நன்மைக்காக? எம் பணப்பைக்காகவும் எம் முழங்கால் வலிக்காகவும். அதில் தவறில்லை. சிக்கனம் நல்லறமே, மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நாம் ஆடம்பர விழாக்களைக் குறைத்தாக வேண்டும். ஆனால், "இரண்டு விழாவுக்குத் தாத்தாவிடம் தெம்பும் இல்லை, பணமும் இல்லை" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் எட்டு வயதுப் பெண் விளங்கிக் கொண்டிருப்பாள். எம் வசதியை அவளுடைய நற்பண்பாகத் திரித்துச் சொன்னதுதான் குற்றம். குரோதம், மானம், மாயை, லோபம் என்று நான்கு கஷாயங்களை வரிசையாக ஒப்பிக்கும்போது, மாயை என்பது பிறரை ஏமாற்றுவது என்றே பலகாலம் எண்ணியிருந்தோம். தன்னையும் ஏமாற்றிக் கொள்ளலாம் என்பதை அந்த ஞாயிறு எமக்கு உணர்த்திற்று.

அதே நண்பர் இன்னொன்றும் சொன்னார். இது முதலாவதைவிட ஆழமானது. "என் நாள், என் கேக், என் பரிசு என்னும் எண்ணத்தை நாமே வளர்க்கலாமா? 'எனது' என்னும் பற்றை விடச் சொல்வதல்லவா நம் அறம்? அந்தப் பெண்ணின் வருத்தம் பற்றினால் வந்தது. அதைத் தீர்த்து வைப்பதைவிடத் தேய்த்து விடுவதே நல்லது" என்றார்.

இதற்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. சில நாட்கள் எண்ணிப் பார்த்த பின் எமக்குத் தோன்றியது இது. துறவு என்பது தன்னிடம் உள்ளதைத் தானே விடுவது. இல்லாததைத் துறக்க முடியாது. பிறருக்காக நாம் துறக்கவும் முடியாது. நாம் இருவேளை உண்டுவிட்டு, குழந்தையை உபவாசம் இருக்கச் செய்தால், அந்த நோன்பின் பயன் யாரைச் சேரும்? மேலும், பெரியவர்களாகிய நாம் நம் மணிவிழாவைத் தம்பியின் மணிவிழாவோடு சேர்த்து, இருவருக்கும் பொருந்தாத ஒரு நாளில் நடத்த இசைவோமா? அழைப்பிதழில் நம் பெயர் சிறிய எழுத்தில் ஓரமாக அச்சானால் என்ன செய்வோம் என்பதை யாம் நன்கு அறிவோம். அச்சகத்திற்குச் சென்று சண்டையிட்டவர்களைப் பார்த்திருக்கிறோம்.

பற்றை விடும் பாடத்தை வீட்டில் முதலில் பெரியவர்கள் கற்கட்டும். குழந்தைகள் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆதிபகவன் ரிஷபதேவர் தம் மகளிர் இருவருக்கும் கல்வி புகட்டிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். பிராமியையும் சுந்தரியையும் ஒருசேர மடியில் இருத்தி, வலக்கையால் ஒருத்திக்கு எழுத்தையும் இடக்கையால் மற்றவளுக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது மரபு. இக்கதையை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அதில் ஒரு தந்தையின் நுட்பம் இருப்பதை யாம் அப்போதுதான் கண்டோம். அமர்வு ஒன்று, மடி ஒன்று, நேரமும் ஒன்று. ஆனால் கொடுக்கப்பட்டவை இரண்டு. இருவருக்கும் எழுத்தையே பாதிப் பாதியாகப் பங்கிடவில்லை. ஒருத்தி பெற்றது மற்றவளுக்குக் குறையாகவில்லை. மைந்தர்களுக்கும் வெவ்வேறு கலைகளையே அவர் கற்பித்தார். பின்னாளில் பரதனுக்கும் பாகுபலிக்கும் இடையே மூண்ட போரை எண்ணுங்கள். கண்ணோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற பிறகே அனைத்தையும் துறந்து தவம் மேற்கொண்டார். போதனபுரம் அவருடையதாக இருந்தது. ஆகவேதான் அதை அவரால் விட முடிந்தது.

பாகுபலியையும் கேக்கையும் ஒரே கட்டுரையில் வைத்ததற்குப் பெரியோர் பொறுத்தருள்க.

அடுத்த ஆண்டு புரட்டாசியிலேயே இரு குழந்தைகளையும் திண்ணையில் அமர்த்திக் கேட்டோம். இருவரையும் தனித்தனியே கேட்டது எம் மனைவியின் யோசனை. ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே ஒப்பித்துவிடக் கூடாதல்லவா? பேத்தி நெடுநேரம் யோசித்தாள். விழா சேர்ந்தே இருக்கட்டும், ஆனால் தன் பிறந்த நாளன்று காலையில் தனக்கென்று பாயசம் வேண்டும், தாத்தாவுடன் தான் மட்டும் கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள். பேரனோ விழா சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று கேட்டோம். தனியாக நடந்தால் அக்காவின் தோழிகள் வரமாட்டார்களாம். அவர்கள் வந்தால்தான் விளையாட்டு நன்றாக இருக்குமாம். அவனுக்கென்று பள்ளியில் இருந்த நண்பர்கள் இருவரே என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. முந்தைய ஆண்டு விழாவில் ஓடியாடிய பதினான்கு குழந்தைகளில் பன்னிருவர் அக்காவைத் தேடி வந்தவர்கள்.

இதனை அவளிடம் சொன்னோம். அவள் முகம் சற்று மாறிற்று. "அப்போ சேர்ந்தே வச்சுக்கலாம் தாத்தா, பாவம் அவன்" என்றாள். முந்தைய ஆண்டு நடந்த அதே விழாதான், அதே பந்தல்தான். ஆனால் இம்முறை அவள் கொடுத்தாள்.

பிறகு திட்டமிடுவது எளிதாயிற்று. நவம்பர்த் தொடக்கத்தில் நம் பகுதியில் மாலை 5.40 மணியளவில் ஞாயிறு மறைந்துவிடுகிறது. பொழுது சாய்வதற்குள் அனைவரும் உண்டு முடிக்க வேண்டுமானால், விழாவை மூன்று மணிக்கே தொடங்கியாக வேண்டும். ஆறு மணிக்கு வரும் நகரத்து விருந்தினர்களுக்காக நம் வழக்கத்தை மாற்றுவதில்லை என்று முடிவு செய்து, அழைப்பிலேயே நேரத்தைப் பெரிதாக எழுதினோம். கேக் ஒன்றாக வேண்டாம், சிறியவை இரண்டு போதும் என்றாள் பேத்தி. பெயரை முழு எழுத்தில் எழுதலாமல்லவா? மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதில் எமக்கு என்றுமே உடன்பாடில்லை. விளக்கு ஏற்றுவது மங்கலம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறந்த நாளன்று மட்டும் அதை ஊதி அணைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயமோ! இருவரும் ஒரே குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரியை ஏற்றுவது என்று ஏற்பாடாயிற்று.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் மிட்டாய்ப் பைகளில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. வழவழப்பான மிட்டாய்கள் சிலவற்றில் ஜெலட்டின் சேர்கிறது. அது விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பேரனிடம் ஒப்படைத்தோம். அவன் கடைக்காரரைப் படாத பாடு படுத்திவிட்டான். பரிசு விஷயத்தில், வருபவர்களிடம் ஒன்றுபோல் வாங்க வேண்டாம் என்று முன்னரே சொன்னோம். பேத்திக்கு வண்ணப் பென்சில்களும் கதை நூல்களும் வந்தன; பேரனுக்குப் பந்து வந்தது. விலையில் வேற்றுமை இருந்தது. எவரும் அதைக் கணக்கிடவில்லை. கணக்கிட்டவர் எவரேனும் இருந்தால் அது எம் சம்பந்தியாராக இருக்கலாம்.

மழை பெய்தது. மாடிப் பந்தலை விட்டுக் கூடத்திற்குள் அனைவரும் நெருக்கியடித்து அமர்ந்தோம். கேசரியும் சேவையும் நாலரை மணிக்கே தீர்ந்துவிட்டன.

இப்போது ஆண்டுதோறும் புரட்டாசியில் இருவரையும் கேட்கிறோம். ஆண்டுக்கு ஆண்டு விடை மாறலாம். பேத்தி வளர்ந்து தனியாக வேண்டும் என்று சொல்லும் ஆண்டும் வரும். அப்போது பேரனுக்கு என்ன சொல்வது என்பதை இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறோம். சென்ற முறை கேட்டபோது அவன் ஒரு புதிய வினாவைக் கொண்டு வந்தான். அக்கா பிறந்த நாளன்று காலையில் வைக்கும் பாயசத்தில் தனக்கும் ஒரு கிண்ணம் உண்டா என்றான். எம் மனைவி சட்டென்று உண்டு என்று சொல்ல வாயெடுத்தார். யாம் தடுத்து, அதை அக்காவிடம் கேட்டு வா என்று அவனை அனுப்பினோம்.