யாருடைய சௌகரியம்?

சென்ற சித்திரையில் என் அக்காள் மகள் சென்னையிலிருந்து பொட்டிப்புரம் வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தோழிகள் இருவருடன் சுருளி அருவி, போடிமெட்டு, மூணாறு என்று ஒரு வாரம் சுற்றிவருவதாக ஏற்பாடு. வந்த அன்று மாலையே பெட்டியைத் திறந்து மூன்று ஷார்ட்ஸுகளைக் கட்டிலின்மேல் பரப்பினாள்.

"மாமா, ஒண்ணுதான் எடுத்துக்கிட்டுப் போறேன். எதுன்னு சொல்லுங்க" என்றாள்.

ஒன்று முரட்டு ஜீன்ஸ் துணி. பாதித் தொடையோடு நின்றுவிடுவது. இன்னொன்று ஓட்டப்பந்தயக்காரர்கள் அணியும் வழுவழுப்பான நைலான். மூன்றாவது பருத்தி, முழங்காலைத் தொடும், இடுப்பில் நாடா, இரண்டு பக்கமும் ஆழமான பை.

எழுதுகிறவனிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமா? "மூணும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு முழங்காலும் தெரிய நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

திண்ணையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். "டவுசரா? கொண்டா பாப்போம்" என்று ஒவ்வொன்றாக எடுத்து, உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்தாள்.

"போட்டுக் குத்தவச்சுப் பாத்தியா தாயி?"

"கண்ணாடியில பாத்தேன் அம்மாச்சி."

"கண்ணாடி முன்னாடி நின்னா எல்லாந்தான் நல்லாருக்கும். குத்தவச்சுப் பாரு. படியேறிப் பாரு."

அவ்வளவுதான் பரீட்சை. ஜீன்ஸ் முதலிலேயே தோற்றது. உட்கார்ந்தால் இடுப்பை அறுத்தது, நடந்தால் தொடைகள் உராய்ந்தன. அருவியில் நனைந்தால் அது காய ஒரு பகல் வேண்டும். நைலான் சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பையும் கிடையாது. பருத்தி தேறியது. சித்திரை வெயிலில் கொதிக்கும் பஸ் இருக்கையில் தொடை நேரடியாகப் படாது; பணமும் செல்போனும் பையில் அடங்கும்; கோயிலுக்குப் போவதென்றால் மேலே ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டால் போதும்.

உடையை நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதே, வேலை செய்து பார்த்துத் தேர்ந்தெடு என்பது அம்மாவின் சித்தாந்தம். அது ஏலத்தோட்டத்தில் கற்றது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுவதும் குத்தவைத்துத்தான் பறிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கேரளத் தோட்டங்களுக்குப் போவார்கள். அம்மாவும் பல ஆண்டுகள் போனாள். செடி முந்தானையைப் பிடித்து இழுக்கும். குளிரும் பூச்சியும் வேறு. அதனால் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்குமேல் மாட்டிக்கொண்டாள்.

"ஊருக்குள்ள போட மாட்டேன். முந்தல் தாண்டுனதும் மாட்டுவேன். சாயங்காலம் முந்தல் வந்ததும் கழட்டி மடிச்சுத் தூக்குவாளிப் பையில வச்சிருவேன்."

"ஏன் அம்மாச்சி? வெக்கமா?"

"எனக்கென்ன வெக்கம்? உங்க தாத்தா மனசு சங்கடப்படுமே. ஊர்ல நாலு பேரு கேப்பாங்கல்ல."

இத்தனை வயதில் இதை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். இன்றைக்கு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலிலேயே பெண்கள் ஜீப் ஏறுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சட்டை மாறவில்லை. பார்த்த கண்தான் பழகிவிட்டது.

'நம் பண்பாடு' என்று உடையைக் காட்டிப் பேசுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகவே தாக்கப்பட்டார்கள். 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனம் வந்த பிறகும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை நீடித்தது. குறைவாக உடுத்துவது ஒரு காலத்தில் குற்றம். அதிகமாக உடுத்தியது இன்னொரு காலத்தில் குற்றம். இரண்டிலும் மாறாத அம்சம் ஒன்று உண்டு: தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தத் துணியை உடுத்தியவர்கள் அல்லர்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களும் கேலிப் பேச்சைக் கடந்துதான் வந்தார்கள். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்களாம்; முன் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது ஒரு காரணம். அம்மாவின் பரீட்சைதான் அங்கேயும் நடந்திருக்கிறது.

வழியில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. கெட்ட கண்களும் கெட்ட கைகளும் எல்லா ஊரிலும் உண்டு. சேலை கட்டியவளையும் அவை விட்டதில்லை. எந்தப் பாதை இருட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது அக்கறை. அதை விட்டுவிட்டு அவள் முழங்காலைத் தரும நியாயத்தின் எல்லைக்கல்லாக நடுவது வேறு. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, நாம் பெரும்பாலும் நம்முடைய கூச்சத்தைப் பற்றியே பேசுகிறோம். கூச்சம் பாவமல்ல; எனக்கும் இருக்கிறது. அதற்கு 'உன் நன்மை' என்று பெயர் சூட்டுவதுதான் பொய். அந்தப் பொய்யின் சுமையை அவள்தான் சுமக்க வேண்டியிருக்கிறது, முந்தலில் என் அம்மா சட்டையைக் கழற்றியதுபோல.

எங்கள் ஊர்ப் பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்ததே நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காக இங்குள்ள மலையைத் தேர்ந்தெடுத்ததாலும், மக்கள் அதை எதிர்த்ததாலும்தான். மலையையே ஊடுருவிச் செல்லும் துகளாம் அது. நம் பார்வையோ ஒரு முழங்காலைத் தாண்ட முடியாமல் தடுக்கி விழுகிறது!

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மருமகளிடம், "உன் நன்மைக்குன்னு சொன்னது சரியில்லைம்மா. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு" என்றேன்.

அவள் சிரித்தாள். "அதை முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேனே மாமா."

மறுநாள் காலை பருத்தி ஷார்ட்ஸோடுதான் கிளம்பினாள். அம்மா ஒரு பழைய வேட்டியை மடித்துப் பையில் வைத்தாள். நான் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவளோ போடி பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டிருந்தாள், அவர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் கூச்சத்தை அன்று நானே சுமந்து பார்த்தேன். அப்படியொன்றும் கனமாக இல்லை.