அலைக்கும் வேண்டும் ஓர் எல்லை



தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் வாழும் நம்மவர் குடும்பங்கள் பல, வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பணியின் பொருட்டு வந்து குடியேறியவை. முதலில் ஒரு கூடமும் இரண்டு அறைகளுமாகக் கட்டிய வீட்டின்மேல், மக்கள் வளர வளர மாடி எழுந்தது. பின்கட்டில் முதியோர்க்கு ஓர் அறை சேர்ந்தது. ஊரும் அவ்வாறே விரிந்தது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் அருகிலிருந்த பேரூராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சியாயின.

வீடு விரிந்தது, ஆனால் இணைய இணைப்பு தருகின்ற ரூட்டர் வாசற்பக்கக் கூடத்திலேயே நின்றுவிட்டது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் பள்ளிப் பாடமும் அலுவலகப் பணியும் வீட்டிற்குள் வந்தபோதுதான், மாடி அறைக்கும் பின்கட்டிற்கும் வைஃபை அலை எட்டவில்லை என்பதைப் பலரும் உணர்ந்தனர். அக்குறையைத் தீர்க்க வந்த சிறு கருவியே எக்ஸ்டெண்டர். இதனைப் பொருத்துவதில் ஓர் இல்லறத்தான் எண்ண வேண்டிய அறம் யாது என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

முதலில் கருவியின் இயல்பை அறிவோம். எக்ஸ்டெண்டர் தானாக எதையும் உண்டாக்குவதில்லை; ரூட்டரிடமிருந்து பெற்றதை மீண்டும் பரப்புகின்றது, அவ்வளவே. ஆகவே அலையே எட்டாத அறையில் அதனைச் செருகினால் பயனில்லை. தான் பெறாததை அது எவ்வாறு பிறர்க்கு வழங்கும்? ரூட்டருக்கும் அலை எட்டாத அறைக்கும் இடையில், அலை இன்னும் வலிமையோடு இருக்குமிடத்தில் அதனை வைத்தல் வேண்டும். கான்கிரீட் தளமும், இரும்பு பீரோவும், குளிர்சாதனப் பெட்டியும், நீர்த்தொட்டியும் அலையைத் தடுப்பன; அவற்றின் மறைவில் வைத்தலாகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது, ஆனால் சுவரில் தளர்வது. ஒரே அலைவரிசையில் பெற்று அதிலேயே திருப்பி அனுப்பும் கருவியில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். விரிவு எதுவும் விலையின்றி வருவதில்லை என்பது இங்கும் உண்மை.

அடுத்தது பெயர். 'வைஃபை' என்பதே 1999ஆம் ஆண்டில், பெயர் சூட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் படைத்துக் கொடுத்த சொல். நம் வீட்டு அலைக்கு நாம் சூட்டும் பெயர் 32 பைட் அளவிற்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ உயிருக்கும், அகரமேறிய மெய்க்கும், புள்ளிக்கும், கொம்பு, கால் முதலிய குறிகளுக்கும் தனித்தனியே மூன்று பைட் ஆகும். 'அறவாழி' என்னும் பெயர்க்கு 18 பைட். அது இனிது அடங்கும்.

பெயரிடுவதில் வாய்மையும் அகிம்சையும் உண்டா என வினவலாம். உண்டு. அப்பெயர் நம் கைப்பேசியில் மட்டுமின்றி, அண்டை வீட்டார் கைப்பேசியிலும், தெருவில் செல்வோர் கைப்பேசியிலும் தோன்றும். அண்டை வீட்டாரைக் குத்திக்காட்டும் பெயரைச் சிலர் விளையாட்டாகச் சூட்டுகின்றனர். அது சொல்லால் செய்யும் இம்சை. பிறருடைய பெயரைப் போலவே சூட்டி மயக்குவது பொய். தம் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிவைப்பது, அறியாதார்க்கு நம் வாயிலைக் காட்டிக் கொடுக்கும் கவனமின்மை. தீர்த்தங்கரர் திருநாமத்தைச் சூட்டிவிட்டு, "அது வேலை செய்யவில்லை, அணைத்துப் போடு" என்று நாள்தோறும் கூறுவதும் நமக்கு அழகன்று.

கடவுச்சொல்லுக்கு வருவோம். கருவியோடு வந்த பொதுவான கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுதல் வேண்டும். புதியது எட்டு எழுத்திற்குக் குறையாமல், நீண்டதாக இருத்தல் நன்று. பிறர் வீட்டு அலை பூட்டின்றி வருகின்றதே என்று கேளாமல் பயன்படுத்துவது, கொடாததைக் கொள்ளுதலாகும். அது கள்ளாமை விரதத்திற்கு மாசு. அண்டை வீட்டு மாணவன் தேர்வுக்காகக் கேட்டால், விருந்தினர்க்கென ஒரு தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்து மனமுவந்து தருவது தானம். பெறுவதும் தருவதும் அறிந்தே நிகழ வேண்டும்.

இனி நாம் கூற வந்த செய்தி. இல்லறத்தார்க்கு வகுத்த விரதங்களில் திக்விரதமும் தேசவிரதமும் உண்டு. இத்திசையில் இவ்வளவு தொலைவிற்கு மேல் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுப்பது திக்விரதம். அவ்வெல்லைக்குள்ளும் குறித்த காலத்திற்கு இவ்வூர், இத்தெரு, இவ்வீடு எனச் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். ஆசாரியர் உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றின் அதிசாரங்களை, அதாவது விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்களை, எண்ணிக் காட்டியுள்ளார். வகுத்த இடத்தைப் பெருக்கிக்கொள்ளுதலும், வகுத்த எல்லையை மறத்தலும் திக்விரதத்தின் குற்றங்களுள் அடங்கும். தேசவிரதத்தின் குற்றங்களோ இன்னும் நுட்பமானவை. எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வரவழைத்தல், வெளியே ஆளை ஏவுதல், குரலை அனுப்பிக் குறிப்புணர்த்துதல், உருவைக் காட்டுதல், பொருளை எறிதல் என ஐந்து.

உடல் வீட்டினுள் இருக்க, குரலும் உருவும் வெளியே சென்று வினை புரியக்கூடும் என்பதை நம் ஆசாரியர் கண்டிருந்தனர். அவர் வைஃபையை அறிந்து கூறினார் என்பது நம் கருத்தன்று. மனத்தை அறிந்து கூறினார், மனம் மாறவில்லை. கட்டிலில் அமர்ந்தபடியே பொருளை வரவழைக்கின்றோம், ஆளை ஏவுகின்றோம், குரலையும் உருவையும் கடல் கடந்து செலுத்துகின்றோம். கால் நகரவில்லை, எனினும் எல்லை எங்கே?

எக்ஸ்டெண்டரைச் செருகுவதற்கு முன் வீட்டில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். அலை கூடத்தில் மட்டுமே கிடைத்ததால் அனைவரும் கூடத்திற்கு வந்தனர். பேரன் படித்தான், பாட்டி அருகில் அமர்ந்திருந்தார், இடையில் இரண்டு சொல் பேசினர். அலை எல்லா அறைக்கும் எட்டிய பிறகு கூடம் காலியாயிற்று. ஆகவே கருவியை வாங்க வேண்டா என்கின்றோமா? இல்லை. பின்கட்டில் படுத்திருக்கும் மூதாட்டி, அயல்நாட்டு மகனின் முகம் காண்பதும், அறவுரை கேட்பதும் அதனாலன்றோ கைகூடுகின்றன? அலை அவரிடம் செல்லட்டும். ஆனால் அலை சென்றது என்பதற்காக, நாம் அவரிடம் செல்வதை நிறுத்தலாகாது.

எனவே கருவியைப் பொருத்தும் நாளிலேயே குடும்பம் ஒருங்கு அமர்ந்து எல்லை வகுப்பதே ஏற்ற வழி. ரூட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் இட்டால் அறைக்கு அறை மாறுவது எளிது. வெவ்வேறு பெயரிட்டால் எதனோடு இணைந்துள்ளோம் என்பது தெளிவாகும். வெவ்வேறாயினும் ஒன்றாயினும், மாடியின் கருவிக்குத் தனியே ஒரு சுவிட்ச் உண்டு. உறங்கும் நேரத்தில் அது அணைந்திருக்கட்டும். பயனின்றி எரியும் மின்சாரம் அநர்த்ததண்டமே. முதியோர்க்குத் தேவையெனில் அவர் அறைக் கருவி மட்டும் இயங்கட்டும். சாமாயிகம் செய்யும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அலையின்றி அமைவோம். தசலட்சணப் பர்வ நாட்களில் தேசவிரதம் ஏற்போர், தம் கைப்பேசியின் எல்லையையும் அவ்விரதத்தில் சேர்த்துக்கொள்வார்களாக.

எட்டாத அறைக்கு அலையை எட்டச் செய்வது கருவியின் தொழில். எட்டியதை எங்கே நிறுத்துவது என்பது நம் தொழில். அதனைச் செய்து தரும் கருவி எந்தக் கடையிலும் இல்லை.

அறம் வளர்க!