பேர்போன

மலாக்காவுக்கு வருகிற எல்லாரும் ஒரு பழைய கல்வாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1511-இல் ஊரைப் பிடித்த கையோடு அல்புகெர்க் கட்டிய கோட்டையில் மிஞ்சியது அதுதான். மற்றதை 1807-இல் வெள்ளைக்காரன் இடித்துவிட்டான். கோட்டையின் பெயர் அ ஃபாமோசா, போர்த்துகீசிய மொழியில் 'புகழ்பெற்றது'. பள்ளிவாசல்களையும் சுல்தான்களின் சமாதிகளையும் உடைத்த கல்லில் கட்டியவர்கள், அவர்களே வைத்துக்கொண்ட பெயர்.

மூலம் லத்தீன் ஃபாமோசுஸ். அதற்கும் வேர் ஃபாமா, அதாவது ஊர் பேச்சு. நல்ல பேச்சா கெட்ட பேச்சா என்று அந்த வேர் சொல்லாது. ரோமச் சட்டத்தில் ஒருவரை அவதூறு செய்து எழுதிய தாளுக்கும் இதே அடைமொழிதான். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ஃபாமோசோ, புகழ்தான். ஜெர்மன் ஃபாமோஸ் என்றால் 'பிரமாதம்!' பிரெஞ்சு ஃபமோ, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் சில சமயம் நக்கல். ஆங்கில ஃபேமஸ் நல்ல பிள்ளையாகிவிட்டது, கெட்டதற்கு இன்ஃபமஸ் இருக்கிறது.

நம்மிடம் லத்தீன்காரனின் குழப்பம் அப்படியே இருக்கிறது. 'பேர்போன கடை' என்றால் கூட்டம். 'பேர் போச்சு' என்றால் மானம் போச்சு. ரெண்டிலும் போவது ஒரே பேர்தான். ஜாசின் தோட்டங்களில் பெண்பிள்ளை இருட்டி வீட்டுக்கு வந்தால் பேர் போயிடுமாம். அண்ணன்காரன் நடுராத்திரி வந்தாலும் அது போகாது. அவள் செய்ததில் எதுவும் இல்லை, பேசுகிறவன் வாயில்தான் எல்லாம்.

இதே மலாக்காவில் நைனா சத்து என்று ஒரு தமிழ் வணிகர் இருந்தார். 1509-இல் சுல்தானிடம் சிக்கிய போர்த்துகீசியக் கைதிகளுக்கு உதவியவர். ஊர் விழுந்த பிறகு போர்த்துகீசியர் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார்கள். 1514-இல் பதவியைப் பிடுங்கி கம்பார் ராஜாவுக்குக் கொடுத்ததும், அவமானம் தாங்காமல் தீயில் இறங்கிவிட்டார்.

தமிழன் மானம் என்று மேடையில் பேச வசதியான கதை. எனக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. பேருக்காகச் செத்தார், சரி. யாரிடம் இருந்த பேர்? ஊரைப் பிடித்தவன் கொடுத்து, அவனே திருப்பி வாங்கிக்கொண்ட பேர் அது. அவரை நல்லவர், நன்றி மறவாதவர் என்று எழுதிவைத்ததும் போர்த்துகீசியர்தான். தப்பி ஓடிய சுல்தானின் ஆட்கள் அவரை எந்த அடைமொழி சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று ஊகிக்க அகராதி தேவையில்லை.