யார் அள்ளுவது?

திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருந்தேன். ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலில் மாணவர்கள் இறங்கி நின்றார்கள். பாலிதீன் பை, பாட்டில், அறுந்த செருப்பு என்று கரையில் மலை மாதிரி குவிந்துகொண்டிருந்தது.

டீ குடிக்கும் நேரத்தில் ஒரு மாணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஏனுங்க சார், போன வருஷமும் இதே எடத்துலதானுங்க அள்ளினோம். கொட்டறது வேற ஆளு, அள்ளறது நாங்க. அவிங்க நிறுத்தாம நாங்க எதுக்குங்க அள்ளோணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. இந்த ஊர் ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. பக்கத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் காவிரி ஓடுகிறது. சாயக் கழிவு கலக்கிறது என்ற புகாரும் பல வருஷமாகக் கூடவே ஓடுகிறது.

ஏரியையும் ஆற்றையும் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் நம் அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். அது 1996-ல். மாணவன் இரண்டாவதைக் கேட்கிறான். நாம் அவனுக்கு முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம்.

தெருவில் கண்ணாடித் துண்டு கிடக்கிறது. உடைத்தவனைக் கண்டுபிடித்த பிறகுதான் எடுப்பேன் என்றால், அதற்குள் ஒரு குழந்தை மிதித்துவிடும். அதனால் அள்ளத்தான் வேண்டும். 2010-ல் சேலம் மூக்கனேரியில் மக்கள் சேர்ந்து இறங்கியதால்தான் அந்த ஏரி பிழைத்தது.

ஆனால், வாய் திறக்காமல் அள்ளிக்கொண்டே இருந்தால் அது சேவை இல்லை; கொட்டுகிறவனுக்கு நாம் தரும் சலுகை. தவிர, எல்லாவற்றையும் கையால் அள்ளிவிட முடியாது. நொய்யலில் பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. எத்தனை மாணவர்கள் வந்தாலும் அதை அள்ள முடியுமா? விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. மண்வெட்டியால் ஆகாதது மனுவால் ஆயிற்று.

அந்த மாணவனிடம் சொன்னேன்: "அள்ளுங்க தம்பி. ஆனா, என்ன கிடைச்சது, எந்தக் குழாய்ல இருந்து கழிவு வருதுன்னு எழுதியும் வைங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டு நகராட்சியில குடுங்க."

"குடுத்தா கேப்பாங்களாங்க?"

"தெரியலை. குடுக்கலைன்னா நிச்சயமா கேக்க மாட்டாங்க."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு எழுந்து போய், வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். "டேய், அந்தக் குழாய் எங்கடா வருது?" என்று கேட்டபடி கரையோரமாக நடக்க ஆரம்பித்தான். இன்னும் நாலு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் பின்னால் போனார்கள்.